ஓல்டு அயன்சைட்ஸ்: இரும்பா, வைரமா?

‘ஓல்டு அயன்சைட்ஸ்’ என்பது ‘கான்ஸ்டிடியூஷன்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் பட்டப்பெயர். இதைப் ‘பழைய இரும்புப் பக்கங்கள்’ என்று தமிழாக்கினால் மூன்று சொல்லுமே பிழைபடும்.

1812 ஆகஸ்ட் 19 அன்று, அட்லாண்டிக் கடலில், பிரிட்டனின் ‘கெரியேர்’ கப்பலோடு இது மோதியது. எதிரி சுட்ட 18 பவுண்டு குண்டுகளில் சில, கப்பலின் மேல் பட்டுத் தெறித்துக் கடலில் விழுந்தன. அதைக் கண்ட மாலுமி ஒருவர், “இதன் விலா இரும்பால் ஆனது!” என்று கூவினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. பாய்மரங்கள் சாய்ந்து சரணடைந்த கெரியேரை இழுத்துச் செல்லவும் வழியில்லாமல், மறுநாள் தீ வைத்துவிட்டார்கள். பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால், அந்த விலாவில் இரும்புக் கவசம் கிடையாது. அது முழுக்க மரம். ஜார்ஜியாவிலிருந்து வெட்டி வந்த ‘லைவ் ஓக்’ மரத்தில் வங்குகளை, அதாவது கப்பலின் விலாச் சட்டங்களை, நெருக்கி நிறுத்தி, உள்ளும் புறமும் வெள்ளை ஓக் பலகை அறைந்தார்கள். மொத்தக் கனம் சுமார் 21 அங்குலம். இரும்புக் கவசக் கப்பல்கள் போருக்கு வந்தது அரை நூற்றாண்டு கழித்துத்தான்.

மரத்தின் உறுதியைச் சொல்ல அந்த மாலுமி இரும்பைத் தேடிப் போக வேண்டியிருந்தது. நமக்கு அந்தத் தேவையே இல்லை. முற்றிய மரத்தை ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்று நம் தச்சர்கள் அன்றாடம் சொல்கிறார்கள். அந்த வைரத்துக்கு இன்னும் பழைய பெயர் காழ். ‘அகக்காழனவே மரமென மொழிப’ என்று, உள்ளே வைரம் உள்ளதைத்தான் மரம் என்கிறது தொல்காப்பியம். ஆகவே என் தேர்வு ‘வைரவிலா’. இரும்பை விட மனமில்லாதவர்கள் ‘இரும்பு விலா’ என்று எழுதலாம். ‘பக்கம்’ மட்டும் வேண்டாம்; புத்தகத்தின் பக்கம் என்று பொருள்பட்டுவிடும்.

‘ஓல்டு’ என்பதையும் ‘பழைய’ என்று பெயர்க்கக் கூடாது. காயலான் கடைக்குப் போகவேண்டிய கப்பல் என்று பொருள்பட்டுவிடும். 1797-இல் பாஸ்டனில் கடலில் இறக்கிய கப்பலுக்குப் போரின்போது வயது 15கூட நிறையவில்லை. அந்தச் சொல்லில் இருப்பது வயதைவிட வாஞ்சை. தமிழில் அதை விட்டுவிடுவதே நல்லது.

1830-இல் கப்பலை உடைக்கப் போகிறார்கள் என்ற செய்தியைப் படித்துக் கொதித்த இளைஞர் ஆலிவர் வென்டெல் ஹோம்ஸ், இந்தப் பட்டப்பெயரையே தலைப்பாக்கிக் கவிதை எழுதினார். ஊரே திரண்டு குரல் கொடுத்தது. வைரவிலா இன்றும் பாஸ்டன் துறைமுகத்தில் மிதக்கிறது.