தொடக்கத்தில் மட்டும் தாவலாம்

ராஸ்பெரி பை என்ற சிறிய கணினியின் பழைய மாடல்களில், மின்சாரம் நின்ற பிறகும் ஓடும் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. மறுபடி இயக்கினால், அணைப்பதற்கு முன் சேமித்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். அதுவும் இல்லாவிட்டால், அதன் இயங்குதளமான லினக்ஸின் கணக்கு தொடங்கும் 1970 ஜனவரி 1தான். அந்த நிலையில் எந்தப் பாதுகாப்பான இணையதளத்தைத் திறந்தாலும் உலாவி மறுத்துவிடும். தளம் உண்மையானது என்று காட்டும் சான்றிதழ் வழங்கப்பட்ட தேதி, அந்தக் கணினிக்கு இன்னும் வராத நாள்!

நேரம் சொல்லும் சர்வரிடம் இணையம் வழியே சரியான நேரத்தைக் கேட்டு வாங்க உதவுவது என்டிபி. டேவிட் மில்ஸ் வகுத்த இந்த நெறிமுறை 1985 முதல் புழக்கத்தில் இருக்கிறது. கேள்வி கிளம்பிய நேரம், சர்வரை அடைந்த நேரம், பதில் கிளம்பிய நேரம், வந்துசேர்ந்த நேரம் ஆகிய நான்கையும் வைத்து, வழியில் கழிந்த நேரத்தை நீக்கிப் பிழையைக் கணக்கிடுகிறார்கள். போகவும் வரவும் சம நேரம் ஆகிறது என்பது இதிலுள்ள அனுமானம்.

பிழை தெரிந்ததும் நேரத்தைச் சட்டென்று மாற்றிவிடலாமே? வேலை நடந்துகொண்டிருக்கும் கணினியில் அது ஆபத்து. கடிகாரம் பின்னோக்கித் தாவினால், 10:05க்குப் பதிவான பணப் பரிமாற்றத்துக்கு அடுத்தது 10:03 என்று பதிவாகும். எது முதலில் நடந்தது என்ற வரிசையே குலைந்துவிடும். அதனால் கடிகாரத்தின் வேகத்தைச் சற்றே கூட்டியோ குறைத்தோ பிழையைக் கரைக்கிறார்கள். பழைய என்டிபி மென்பொருளில் இந்த மாற்றத்துக்கு உச்சவரம்பு பத்து லட்சத்தில் 500 பங்கு. ஒரு வினாடியைக் கரைக்க 2,000 வினாடி, அதாவது 33 நிமிடம் ஆகும். ஒரு மணி நேரப் பிழை என்றால் 83 நாள்!

ஆகவே தொடக்கத்துக்கென்று தனிச் சலுகை. 1,000 வினாடிக்கு மேல் பிழை கண்டால் அந்த மென்பொருள் வழக்கமாகத் தன்னை நிறுத்திக்கொள்ளும். இயங்கத் தொடங்கும்போது ஒரே ஒரு முறை அந்தத் தடையை விலக்கச் சொல்லலாம். இன்று பரவலாக உள்ள குரோனி என்ற என்டிபி மென்பொருளை, முதல் மூன்று திருத்தங்களில் மட்டும் தாவ அனுமதிப்பது வழக்கம். எனக்கு இது மிகவும் பொறுப்பான ஏற்பாடாகப் படுகிறது: மற்ற நிரல்கள் நேரத்தை நம்பத் தொடங்குமுன் தாவல் முடிந்துவிட வேண்டும்.

இன்னொரு பிழையும் உண்டு. குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பு பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளுக்கு 1.7 வினாடி விலகும். ஒவ்வொரு படிகத்தின் பிசகையும் அளந்து ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்கிறார்கள். கோப்பு இருந்தால் அடுத்த முறை அந்த வேகத்திலிருந்தே தொடங்கலாம். இல்லாவிட்டால் பழைய மென்பொருளுக்கு அளக்கவே சுமார் 15 நிமிடம் வேண்டும். அடிக்கடி மின்சாரம் போய்வரும் இடத்துக் கருவிகளில், அந்தக் கோப்பை அணைத்தாலும் அழியாத சேமிப்பகத்தில் வைப்பது அவசியம்.