புள்ளிமூக்குத் தாரா

சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரியில் சோடி சோடியாக மிதக்கும் பழுப்பு நிறப் பறவையை ஊரில் 'காட்டு வாத்து' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பறவைப் பட்டியல்களைப் பார்த்தால் அதற்கு இரண்டு பெயர்: புள்ளிமூக்கு வாத்து, புள்ளி அலகு வாத்து. எதை எழுதலாம்?

முதலில் அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். அலகு கறுப்பு. நுனி மட்டும் மஞ்சள், பெயின்ட் டப்பாவில் முக்கி எடுத்ததுபோல. பலரும் இந்த மஞ்சளைத்தான் புள்ளி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் பெயருக்குக் காரணம் வேறு: அலகு நெற்றியைத் தொடும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஆரஞ்சுச் சிவப்புப் பொட்டுகள். ஆணிடம் இவை பளிச்சென்று தெரியும், பெட்டையிடம் மங்கியிருக்கும். மற்றபடி இரண்டும் ஒரே சாயல்தான். கிழக்காசியாவில் இதற்கு ஓர் உறவு உண்டு, அதற்கு இந்தச் சிவப்புப் பொட்டு கிடையாது. முன்பு இரண்டையும் ஒரே இனமாக வைத்திருந்தார்கள், இப்போது பிரித்துவிட்டார்கள்.

அறிவியல் பெயர் அனாஸ் பொய்சிலோரிங்கா. 1781இல் வைத்தது. 'அனாஸ்' லத்தீனில் வாத்து. 'பொய்கிலோஸ்' கிரேக்கத்தில் பல நிறம் கொண்டது. 'ரிங்கோஸ்' என்றால் மூஞ்சி, அலகு. பன்நிற மூக்கன் என்று பச்சையாகவே வைத்திருக்கிறார்கள்.

சரி, மூக்கா அலகா? பாடநூல் தமிழில் பறவைக்கு அலகு, மனிதருக்கு மூக்கு என்று பிரித்துப் பழகிவிட்டோம். பேச்சில் அந்தப் பிரிவே இல்லை. மாம்பழ ஊரான சேலத்தில் மிளகாய்ப்பொடி தூவி விற்கும் மாங்காய்க்குக் கிளிமூக்கு மாங்காய் என்றுதான் பெயர், கிளியலகு மாங்காய் என்று யாராவது கேட்டால் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். என் ஓட்டு மூக்குக்கே. (மூக்கனேரியையும் இந்த மூக்கனையும் முடிச்சுப் போட்டுவிட வேண்டாம், பெயர்ப் பொருத்தம் அவ்வளவுதான்.)

அடுத்தது 'வாத்து'. தெலுங்கில் பாத்து, கன்னடத்தில் பாத்துகோளி, இந்தியில் பத்தக், அரபியில் பத், போர்த்துகீசியத்தில் பாத்தோ. தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசுகிறவர்கள் நிறைய இருக்கும் சேலத்தில், இந்தச் சொற்கள் ஒன்றுக்கொன்று உரசுவதைக் காதாலேயே கேட்கலாம்.

தமிழில் இதற்கு இன்னொரு சொல் இருக்கிறது: தாரா. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருச்செங்காட்டங்குடிப் பதிகத்தில் 'கூராரல் இரைதேர்ந்து குளமுலவி வயல்வாழும் தாராவே' என்று கூப்பிடுகிறார். மலையாளத்தில் இன்றைக்கும் தாறாவுதான். ஈழத் தமிழர் வீட்டில் தாரா முட்டை. சிங்களத்தில்கூட தாராவா. நம் பக்கத்தில் மட்டும் தாரா என்றால் பெண்பிள்ளையின் பெயர்தான் நினைவுக்கு வரும், பறவை வாத்தாகிவிட்டது. சின்ன வகைகளுக்குச் சிறகி, கிளுவை என்ற சொற்களும் உண்டு, நீலச்சிறகி என்ற பெயரில் ஒன்று பிழைத்திருக்கிறது.

'குளமுலவி வயல்வாழும்' என்ற அடியை இந்தப் பறவையோடு வைத்துப் பாருங்கள். பகலில் ஏரியில் மிதக்கும், கரையில் படுத்துக் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் நெல் வயலுக்குக் கிளம்பிவிடும். விதை, நீர்ச்செடி, நத்தை, பூச்சி எல்லாம் தின்னும். ஏரியில் மேயும்போது முழுதாக முங்காது: தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை வானத்தைப் பார்க்க நிமிர்த்திக்கொண்டு துழாவும். அப்போது பவளச் சிவப்புக் கால்கள் தெரியும். பறந்தால் இறக்கையில் வெள்ளை ஓரம் வைத்த பச்சைப் பட்டை மின்னும்.

குளிர்காலத்தில் வந்து போகும் ஊசிவால் வாத்தையும் நீலச்சிறகியையும் போல இது வலசைப் பறவை அல்ல. உள்ளூர்க் குடி. ஏரி வற்றினால் தண்ணீர் இருக்கும் அடுத்த ஏரிக்குப் போகும். கூடு தரையில்தான், கரையோரப் புல்லுக்கும் கோரைக்கும் நடுவே. தாய் தன் நெஞ்சு மயிரையே பிடுங்கி மெத்தை போடும். ஏழெட்டு முட்டை, சில கூட்டில் பத்துக்கு மேலும். அடைகாப்பது ஏறக்குறைய 24 நாள்.

தரையில் கூடு வைப்பதால் நாய், கீரி தொல்லை அதிகம். சேர்வராயன் மலைச்சரிவின் மழைநீரைப் பிடிக்கும் மூக்கனேரியைச் சீரமைத்தபோது, அள்ளிய வண்டலைக் குவித்து நடுவே திட்டுகளாக்கி மரம் நட்டார்கள். நாய் எளிதில் போக முடியாத இடம். ஏற்காடு ஏரியில் அப்படி ஒதுங்க இடம் குறைவு, படகுச் சத்தமும் அதிகம்.

ஆக, எழுதுகிறவர்கள் 'புள்ளிமூக்குத் தாரா' என்று எழுதலாம், நடுவில் வரும் 'த்' என்ற எழுத்தை விட்டுவிடாமல். வாத்து என்பதை ஒதுக்கச் சொல்லவில்லை, எல்லோருக்கும் புரிகிற சொல் அது. அதை வீட்டுப் பறவைக்கு வைத்துக்கொண்டால் ஒரு வசதி உண்டு. அறுவடை முடிந்த வயலில் கோலோடு ஓட்டிப் போகிறார்களே, அந்த வாத்துக் கூட்டம் வடக்குத் தேசங்களின் மல்லார்டு என்ற பச்சைத்தலைப் பறவையின் வழி வந்தது. நம் ஏரித் தாரா அதற்கு மூதாதை இல்லை, பங்காளி.