விலை ஒன்று, மாம்பழம் பல: நடுவில் ‘ஆர்’ எப்படி நுழைந்தது?

பாலக்கோட்டிலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியை கேட்டிருக்கிறார்: “பிளஸ் ஒன் பிள்ளைகள் இலக்கணப் பயிற்சியில் இஸ், ஆர் எல்லாம் சரியாகத்தான் போடுகிறார்கள். கட்டுரை எழுதச் சொன்னால் மட்டும் ‘த பிரைஸ் ஆஃப் த மேங்கோஸ் ஆர் ஹை’ என்கிறார்கள். படித்த விதி எங்கே போய்விடுகிறது?”

எங்கேயும் போகவில்லை. எழுவாய் ஒருமையானால் வினையும் ஒருமை, பன்மையானால் பன்மை. இது சின்ன வகுப்புப் பாடம், இங்கே திரும்ப நடத்தப் போவதில்லை. அந்த வாக்கியத்தில் எழுவாய் ‘பிரைஸ்’. ஒன்றே ஒன்று. ஆனால் வினைச்சொல்லை எழுதும் நேரத்தில் பக்கத்தில் நிற்பது ‘மேங்கோஸ்’. வினை, எழுவாயை விட்டுவிட்டு அதனுடன் ஒட்டிக்கொண்டது. எழுவாயும் வினையும் எண்ணில் பொருந்துவது இயைபு. அது பக்கத்துச் சொல்லால் இப்படி இழுபடுவதை இயைபு ஈர்ப்பு எனலாம்.

ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதில் சறுக்குகிறார்கள். 1991-இல் அமெரிக்காவில் கேத்ரின் பாக், கரோல் மில்லர் என்ற இரு உளமொழியியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ‘த கீ டு த கேபினெட்ஸ்’ என்பது போலப் பாதி வாக்கியத்தைக் கேட்கவைப்பது, அதைத் திருப்பிச் சொல்லி மீதியை அவர்களையே முடிக்கவைப்பது. அவ்வளவுதான். சாவி ஒன்றுதான் என்று நன்றாகத் தெரிந்தவர்கள்கூட அவ்வப்போது ‘வாஸ்’ என்பதற்குப் பதில் பன்மை வினையான ‘வேர்’ (were) போட்டு முடித்தார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, பிழை ஒருதலைப்பட்சமாக நடப்பதுதான். ஒருமை எழுவாய்க்குப் பின்னால் பன்மைச் சொல் வந்தால் தடுக்கி விழுகிறார்கள். ‘த கீஸ் டு த கேபினெட்’ என்று மாற்றிப் போட்டால் அநேகமாக யாரும் விழுவதில்லை. பக்கத்தில் இருப்பதால் மட்டும்தான் பிழை என்றால் இரண்டு பக்கமும் சமமாக நடந்திருக்க வேண்டுமே? காரணம், ஒருமைக்கு மனம் தனி அடையாளம் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. அது வெறும் இயல்புநிலை. பன்மைக்குத்தான் குறி உண்டு. அந்தக் குறி எழுவாய்த் தொடருக்குள் எங்கே இருந்தாலும் சில சமயம் கசிந்து, தொடர் முழுவதையும் பன்மையாக்கிவிடுகிறது.

அந்தக் கடைசி ‘ஸ்’ ஒலிதான் ஏமாற்றுகிறதோ? இதையும் சோதித்துவிட்டார்கள். ‘கோர்ஸ்’ போலக் காதுக்குப் பன்மை மாதிரி ஒலிக்கும் ஒருமைச் சொற்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள் (1993). அவை பிழையைத் தூண்டவில்லை. ஆக, ஏமாறுவது காது இல்லை, இலக்கணத்தைக் கையாளும் மனமேதான்.

வாசிக்கும்போது நடப்பது இன்னும் வேடிக்கை. வாக்கியத்தில் ‘ஆர்’ வந்ததும் மனம் நினைவுக்குள் போய், “பன்மை எழுவாய் யாரப்பா?” என்று தேடுகிறது. வரிசையாக ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. அடையாளத்தைச் சொல்லிக் கூப்பிடுகிறது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் “சார்!” என்று கூவினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே, அப்படி எழுவாய் அல்லாத ‘மேங்கோஸ்’ திரும்பிப் பார்த்துவிடுகிறது. சரி, ஆள் கிடைத்தாயிற்று என்று மனம் மேலே நகர்கிறது. பிள்ளைகள் எழுதியதைத் தாங்களே திருப்பிப் படித்தும் பிழை கண்ணில் படாமல் போவது இதனால்தான். ஆனால் ‘இஸ்’ என்று சரியாக எழுதியிருந்தால், பக்கத்துப் பன்மைச் சொல்லால் வாசிப்பு அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. பிழையான வாக்கியம் சரியாகத் தோன்றும். சரியான வாக்கியம் பிழையாகத் தோன்றாது.

தமிழில் ஏன் இந்தத் தொல்லை குறைவு என்று கேட்டால், சொல் வரிசையைப் பாருங்கள். ‘மாம்பழங்களின் விலை ஏறிவிட்டது.’ நம்மிடம் அடைமொழி முன்னால் போய்விடுகிறது, தலைச்சொல்லான விலை வினையின் வாசலிலேயே நிற்கிறது. சரி, எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் வேறு சொல்லே வராதா என்றால், வரும். ‘பாட்டி மாம்பழங்களை நறுக்கினாள்.’ அங்கே அந்த ‘ஐ’ உருபு, நான் எழுவாய் இல்லை என்று சொல்லிக்கொண்டே வருகிறது. ஆங்கில ‘மேங்கோஸ்’ எந்த இடத்தில் நின்றாலும் ஒரே உடையில்தான் நிற்கும்.

ஆனால் தமிழிலிருந்து வேறொரு பிழை வரும். கிருஷ்ணகிரி மாந்தோப்பில் “பத்து காய் விழுந்துச்சு” என்றுதான் சொல்வார்கள். ‘காய்கள் விழுந்தன’ என்பது புத்தகத்தில் மட்டும். அஃறிணைக்குப் பேச்சில் நாம் பன்மை வினை போடுவதே இல்லை. “பசங்க வந்தாங்க” என்று உயர்திணைக்குத்தான் அந்த மரியாதை. ஆகவே ஒரு பிள்ளை ‘த மேங்கோஸ் இஸ் ரைப்’ என்று எழுதினால் அது வீட்டு மொழியின் பழக்கம். ‘த பிரைஸ் ஆஃப் த மேங்கோஸ் ஆர்’ என்று எழுதினால் அது லண்டன்காரரும் செய்யும் பிழை. விடைத்தாளில் இரண்டுக்கும் ஒரே சிவப்பு வட்டம், ஒரே மதிப்பெண் குறைப்பு. ‘ஐ கோ’, ‘ஹி கோஸ்’ என்று நூறு தடவை எழுதவைப்பது முதலாவதற்கு உதவலாம், இரண்டாவதற்கு உதவாது.

ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளின் கதை வேறு. தெலுங்கில் ‘அவள் வந்தாள்’, ‘அது வந்தது’ இரண்டுக்கும் ‘வச்சிந்தி’ என்ற ஒரே வினைதான். கன்னடமும் சேர்ந்து மூன்று இயைபு முறைகள் ஒரே தெருவில் புழங்கும் ஊர் அது. இந்தப் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று ஆராயத் தொலைநோக்கியோ ராக்கெட்டோ வேண்டாம். ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் பொறுமையும் போதும். ஸ்மார்ட் போர்டுக்குக் கொட்டும் பணத்தில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்கலாம் என்பது என் கட்சி. ஆங்கிலம் வரவில்லை என்றால் நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்லும் பாட்டிகளுக்கும் ஒரு வார்த்தை: பிழை நாக்கில் இல்லை. வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருள் வேறு உண்டு. குழந்தையை விட்டுவிடுங்கள்.

டீச்சர், ஒன்று செய்து பாருங்கள். கட்டுரையை முடித்ததும் ‘ஆஃப்’ தொடங்கி வினைக்கு முந்தைய சொல் வரை விரலால் மறைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ‘த பிரைஸ் ஆர்’ என்று வந்தால் யாருக்கும் உறுத்தும். ‘எ லாட் ஆஃப்’, ‘எ நம்பர் ஆஃப்’ போன்றவற்றில் மட்டும் இந்த விரல் வைத்தியம் பலிக்காது. அங்கே பின்னால் வரும் சொல்தான் வினையை முடிவு செய்யும். ‘த நம்பர் ஆஃப்’ என்றால் மறுபடி ஒருமை. இந்த மூன்றையாவது மனப்பாடம் செய்யவைத்துவிடுங்கள்.