மவுஸ் வேகத்தைக் கூட்டினால் மணிக்கட்டுக்கு ஓய்வு கிடைக்காது

வலது மணிக்கட்டில் எலாஸ்டிக் கட்டும் நீலகிரித் தைல வாசனையுமாக ஓர் இளைஞர் என் அறைக்குள் வந்து உட்கார்ந்தால், எங்கே விழுந்தீர்கள் என்று நான் இப்போதெல்லாம் கேட்பதில்லை. கம்ப்யூட்டரில் என்ன ஆட்டம் ஆடுகிறீர்கள், மவுஸின் டிபிஐ என்ற அமைப்பு எண் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறேன். கொழுந்து பறிப்பவர்களின் கை வலியையும் முதியவர்களின் முழங்கால் வலியையும் பார்த்துப் பழகிய எங்கள் குன்னூர் இயன்முறை சிகிச்சை மையத்துக்கு இந்த இளைஞர்கள் வரத் தொடங்கி நாளாகிவிட்டது. அவர்கள் ஆடுவதில் எனக்கு வருத்தமில்லை. ஏறக்குறைய எல்லோரும் ஒரே தவறான நம்பிக்கையோடு வருகிறார்கள், அதே நம்பிக்கையோடு வலியை வளர்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் இதை எழுத வைக்கிறது.

அண்மையில் வந்தவர் ஒரு கல்லூரி மாணவர், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருப்பவர், இரவு முழுவதும் வேலோரன்ட் என்ற துப்பாக்கிச் சுடும் ஆட்டம் ஆடுபவர். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற நான்கு விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்க்கச் சொன்னேன். பாதி சாய்வதற்குள் முகம் சுருங்கிக் கையை இழுத்துக்கொண்டார். கட்டைவிரலின் தசைநாண்கள் மணிக்கட்டு ஓரத்தில் ஓர் உறைக்குள் ஓடுகின்றன. அந்த இடம் வீங்கி, தொட்டாலே வலித்தது. டி குவர்வைன் என்று நாங்கள் சொல்லும் இந்தத் தொல்லைக்காகவே, தோட்டத்தில் வேலை பார்க்கும் அவருடைய அம்மாவும் முன்பு எங்களிடம் வந்திருக்கிறார். பறிக்கிற கைக்கு வந்தது பிள்ளையின் கைக்கும் வந்துவிட்டதே என்று அந்த அம்மா கேட்டபோது, மகன் சொன்ன பதில் எனக்கு மனப்பாடமாகிவிட்ட பதில்: "டாக்டர், கை அதிகமா நகரக் கூடாதுன்னுதான் சென்ஸ் ஏத்தி வெச்சிருக்கேன். அப்புறமும் எப்படி வலிக்குது?"

சென்ஸ் என்று அவர் சொன்னது சென்சிட்டிவிட்டி, அதாவது மவுஸின் அசைவுக்கு ஆட்டத்தில் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற அமைப்பு. அவருடைய மவுஸில் 3200 டிபிஐ, ஆட்டத்துக்குள் சென்சிட்டிவிட்டி 1. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். டிபிஐ என்பது மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது கம்ப்யூட்டருக்கு அனுப்பும் எண்ணிக்கை. வேலோரன்டில் சென்சிட்டிவிட்டி 1 என்றால், அப்படி வரும் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் உங்கள் பார்வை 0.07 பாகை திரும்பும். அப்படியானால் இந்த மாணவர் மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தும்போது பார்வை 224 பாகை திரும்பிவிடுகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு 4 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டிய தூரம் போதும். தூரத்தில் நிற்கும் எதிரியின் தலையில் குறி வைக்க ஒரு பாகை திருத்த வேண்டுமென்றால், கை நகர வேண்டியது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய அசைவைப் பிசகாமல் செய்வதற்குக் கை என்ன செய்யும்? மவுஸை இறுகப் பிடிக்கும். முன்கையின் இரு பக்கத் தசைகளும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்துக்கொண்டு, மணிக்கட்டை ஆடாமல் நிறுத்தும். ஆட்டம் முடியும் வரை அந்த இறுக்கம் தளராது. கை நகரவில்லை என்பது உண்மைதான். ஆனால் அது ஓய்வெடுக்கவும் இல்லை.

நகராத கை உழைக்காத கை என்று நினைப்பதை முதலில் விடுங்கள். மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் சுமார் 30 பாகையும் கட்டைவிரல் பக்கம் சுமார் 20 பாகையும்தான் சாயும். வசதியாகச் சாய்வது அதிலும் குறைவு. மிக உயர்ந்த சென்சிட்டிவிட்டியில் ஆட்டம் முழுவதும் அந்தச் சின்ன எல்லைக்குள் அடங்கிவிடுவதால், முழங்கையும் தோளும் வேடிக்கை பார்க்க, மெல்லிய தசைநாண்கள் மட்டும் மணிக்கணக்கில் வேலை செய்கின்றன. சென்சிட்டிவிட்டி என்ற எண் உங்கள் திறமையைச் சொல்வதில்லை. எந்த மூட்டு உழைக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது, அவ்வளவுதான்.

டிபிஐ கூடினால் மவுஸ் உயர்ந்தது, மவுஸ் உயர்ந்தது என்றால் குறி தப்பாது என்ற எண்ணம்தான் என்னை மிகவும் சோர்வடையச் செய்கிறது. பெட்டியின் மேல் 16,000 என்றும் 26,000 என்றும் அச்சிட்டிருப்பது அந்த சென்சாரால் அதிகபட்சம் எவ்வளவு நுணுக்கமாக எண்ண முடியும் என்பதை மட்டுமே சொல்கிறது. மணிக்கு 220 கிலோமீட்டர் வரை முள் காட்டும் காரை வாங்கியவர், கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த வேகத்தில் இறங்குவதில்லை. கடையில் அதிக விலை கொடுத்து வாங்கியதாலேயே அந்த எண்ணைப் பயன்படுத்தித் தீர வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகளிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேகமாக ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களில் மிகப் பலர் 400, 800, 1600 என்ற அளவுகளிலேயே மவுஸை வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். டிபிஐ மட்டும் தனியாக உங்கள் கையை எதுவும் செய்வதில்லை. 800 டிபிஐயில் 0.4 வைத்தாலும், 1600இல் 0.2 வைத்தாலும், 3200இல் 0.1 வைத்தாலும் பார்வை திரும்பும் வேகம் ஒன்றுதான், ஏனென்றால் பெருக்குத்தொகை மூன்றிலும் 320. ஆகவே, "நண்பன் 1600 வைத்திருக்கிறான், நானும் 1600 வைத்தேன்" என்பதில் பொருளே இல்லை. அவர் ஆட்டத்துக்குள் என்ன எண் வைத்திருக்கிறார் என்பது தெரியாமல் பாதியை மட்டும் நகலெடுத்திருக்கிறீர்கள். ஆட்டம் மாறினாலும் இதே சிக்கல் வருகிறது. கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற இன்னொரு துப்பாக்கி ஆட்டத்தில் சென்சிட்டிவிட்டி 1 என்றால் ஓர் எண்ணிக்கைக்கு 0.022 பாகைதான் என்பதால், அங்கே வைத்திருந்த எண்ணை 3.18ஆல் வகுத்துத்தான் வேலோரன்டில் வைக்க வேண்டும். வகுக்காமல் அப்படியே எழுதியவர்கள், தங்கள் வேகம் மூன்று மடங்குக்கு மேல் ஏறியதை அறியாமலே மாதக்கணக்கில் ஆடியிருக்கிறார்கள்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? எண்ணிலிருந்து தொடங்காதீர்கள், மேசையிலிருந்து தொடங்குங்கள். ஒரு ஸ்கேலை எடுத்து, கீபோர்டுக்கு வலப்புறம் மவுஸ் தடையின்றி ஓடும் அகலத்தை அளந்து பாருங்கள். நம் மலையில் லயன் வீடுகளிலும் சிறிய வாடகை வீடுகளிலும் கம்ப்யூட்டருக்கென்று தனி மேசை கிடையாது என்பது எனக்குத் தெரியும். தையல் மிஷின் மேலும், சாப்பாட்டு மேசையின் ஓரத்திலும் மானிட்டரை வைத்து ஆடும் பிள்ளைகளின் படங்களைச் செல்பேசியில் பார்த்திருக்கிறேன். முழு நீளக் கீபோர்டு போக, மவுஸுக்கு ஒரு சாண் கூட மிஞ்சுவதில்லை. இடமில்லாததால் சென்சிட்டிவிட்டியை ஏற்றுகிறார்கள், ஏற்றியதால் மணிக்கட்டு மாட்டிக்கொள்கிறது. புது மவுஸுக்குக் காசு சேர்ப்பதை நிறுத்திவிட்டு, கீபோர்டைக் குறுக்காகச் சாய்த்து வையுங்கள், அல்லது வலது ஓரத்து எண் பட்டைகள் இல்லாத சிறிய கீபோர்டு ஒன்று வாங்குங்கள். உங்கள் கைக்குச் செய்யக்கூடிய மிக மலிவான சிகிச்சை அதுதான்.

அகலம் தெரிந்தபின், பின்னால் திரும்பிப் பார்ப்பதற்கான அரைச் சுற்று அந்த அகலத்துக்குள் சற்றே மிச்சம் வைத்து அடங்கும்படி வேகத்தை அமையுங்கள். 25 சென்டிமீட்டர் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரைச் சுற்றுக்கு 20, முழுச் சுற்றுக்கு 40 சென்டிமீட்டர் என்று முடிவு செய்தால், 800 டிபிஐயில் வேலோரன்டுக்கு ஏறக்குறைய 0.41, கவுன்டர்-ஸ்ட்ரைக்குக்கு 1.3 வரும். இது தொடங்கும் இடம் மட்டுமே. பயிற்சிக் களத்துக்குப் போய், சுவரில் ஒரு புள்ளியைக் குறிவைத்துக்கொண்டு இடமும் வலமுமாக நடந்து பாருங்கள். குறி புள்ளியைத் தாண்டித் தாண்டி ஓடினால் வேகம் கூடுதல். பின்தங்கிப் பின்தங்கி வந்தால் குறைவு. பத்தில் ஒரு பங்கு கூட்டியோ குறைத்தோ மீண்டும் பார்த்து, பிடித்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். நிறுத்தியபின் இரண்டு வாரமாவது அதைத் தொடாதீர்கள். தோற்ற ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் எண்ணை மாற்றுகிறவருடைய கை எதையும் கற்றுக்கொள்வதில்லை, மாறாகப் பதற்றத்தில் இறுகிப்போகிறது.

விண்டோஸில் மவுஸ் அமைப்புகளுக்குள் 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. துல்லியம் என்ற பெயரைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். கையை வேகமாக இழுத்தால் அதிகமாகவும், மெதுவாக இழுத்தால் குறைவாகவும் நகரச் செய்வதுதான் அதன் வேலை. பல ஆட்டங்கள் அசைவை மவுஸிலிருந்து நேரடியாகவே எடுத்துக்கொள்வதால் இது குறுக்கிடாது; குறுக்கிடும் ஆட்டங்களில் ஒரே தூரத்துக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு பலன் கிடைக்கும். அந்தக் கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள்.

எதிர்த் திசையில் போய் விழுபவர்களும் உண்டு. ஏதோ ஓர் உலகப் புகழ் ஆட்டக்காரர் மிகக் குறைந்த சென்சிட்டிவிட்டி வைத்திருக்கிறார் என்று படித்துவிட்டு, முழுச் சுற்றுக்கு 80 சென்டிமீட்டர் வைத்துக்கொண்டு, ஒரு சாண் மேசையில் மவுஸைத் தூக்கித் தூக்கி வைப்பவர்கள் தோள்பட்டை வலியோடு வருகிறார்கள். அந்த ஆட்டக்காரரின் மேசை உங்களிடம் இல்லை.

உட்காரும் விதத்தைப் பற்றிச் சுருக்கமாக. சாப்பாட்டு மேசை சுமார் 75 சென்டிமீட்டர் உயரம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கை மேசைக்குக் கீழே போய்விடும், மணிக்கட்டு மேல்நோக்கி வளையும், மேசை விளிம்பு அதை அறுக்கும். ஒரு கம்பளியை மடித்து நாற்காலியில் போட்டு உயர்ந்து உட்காருங்கள்; கால் தரையில் படவில்லை என்றால் ஒரு பலகையை வையுங்கள். மவுஸ் ஓடும் பக்கம் முன்கையின் பாதியாவது மேசையில் தங்கட்டும். மணிக்கட்டை ஓர் இடத்தில் ஊன்றிக்கொண்டு வைப்பர் போல ஆட்டாதீர்கள்.

குளிரைப் பற்றி, சமவெளியில் எழுதுபவர்கள் சொல்லாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியிலும் தலைக்குந்தாவிலும் புல்லெல்லாம் உறைபனியாக வெளுத்துக் கிடக்கும் நாட்களில், நள்ளிரவு தாண்டி ஆடுகிறவரின் விரல்கள் சில்லிட்டு மரத்துப் போயிருக்கும். குளிர்ந்த விரலுக்குத் தொடு உணர்வு குறையும், நரம்பின் வேகம் குறையும், பிடி தானாக இறுகும். மே மாதத்தில் சரியாக இருந்த சென்சிட்டிவிட்டி இப்போது சரியில்லை என்று தோன்றும். உடனே எண்ணை மாற்றுகிறார்கள். மாற்ற வேண்டியது எண்ணை இல்லை, கையின் சூட்டை. ஆடத் தொடங்குமுன் வெதுவெதுப்பான நீரில் கைகளைச் சில நிமிடம் வைத்து எடுங்கள், விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் கையைக் கீழே தொங்கவிட்டு உதறுங்கள். கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு அறைக்குள் கரி அடுப்பு மூட்டுவதை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் செய்யாதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிருக்குப் பயந்து அடுப்பு மூட்டியவர்கள் மலைப் பகுதிகளில் தூக்கத்திலேயே உயிரிழந்திருக்கிறார்கள்.

தைலத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. என் வீட்டிலும் அது இருக்கிறது. வலிக்கிற இடத்தில் தடவிவிட்டு, கட்டைச் சுற்றிக்கொண்டு, எரிச்சலில் வலி மறந்திருக்கும் நேரத்தில் இன்னும் இரண்டு ஆட்டம் ஆடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். வலி இருக்கும் நாட்களில் ஆடாதீர்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: கம்ப்யூட்டரைப் பிடுங்கி வைத்துவிட்டால் பிள்ளை வலியை உங்களிடம் சொல்வதை நிறுத்திவிடும். சொல்ல விடுங்கள், அழைத்து வாருங்கள்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இவற்றில் மதமதப்பு வந்தாலோ, இரவில் கை மரத்து எழுந்து உதறிக்கொள்ள வேண்டியிருந்தாலோ, டம்ளர் கையிலிருந்து நழுவினாலோ, எந்த அமைப்பையும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். அது மணிக்கட்டின் நடுவே ஓடும் நரம்பு நசுங்குவதாக இருக்கலாம். நாள் போனால் கட்டைவிரலின் அடிச் சதை மெலியத் தொடங்கிவிடும். சுண்டுவிரல் பக்கம் மரத்தால், முழங்கையை எதன்மேல் ஊன்றி உட்காருகிறீர்கள் என்று பாருங்கள். எங்களிடம் வருவதானால், மவுஸையும் கையோடு எடுத்து வாருங்கள். டிபிஐ, ஆட்டத்தின் சென்சிட்டிவிட்டி, மேசையில் மவுஸ் ஓடும் அகலம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள், நீங்கள் ஆடும்போது பக்கவாட்டிலிருந்து யாரையாவது ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.