தூத்துக்குடி – சென்னை: 40 நிமிடம் என்பதை நம்பாதீர்கள்

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்திலிருந்து சென்னைக்கு டிக்கெட் போட என்னிடம் வருபவர்களில் பலர் நேரக் கணக்கையும் கையோடு கொண்டுவருகிறார்கள். இணையத்தில் தூரம் பார்த்திருப்பார்கள், சுமார் 525 கிலோமீட்டர். பக்கத்திலேயே பறக்கும் நேரம் 40 நிமிடம் என்று இருந்திருக்கும். அதை வைத்து, அங்கே இறங்கி இரண்டு மணி நேரத்தில் சிங்கப்பூர் விமானத்தைப் பிடித்துவிடலாம், இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாகப் போடுங்கள் என்பார்கள். வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

அந்த 525 என்பது இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே உள்ள நேர்க்கோட்டுத் தூரம். அதை ஜெட் வேகமான மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்தால் 40 நிமிடம் வரும். ஆனால் இந்தத் தடத்தில் பல ஆண்டுகளாகப் பறந்துவருவது பெரும்பாலும் ஏடிஆர் 72, அதாவது புரொப்பெல்லர் (சுழலும் விசிறி) விமானம். மேலே போய் முழு வேகம் எடுத்தாலும் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டித்தான் போகும். வாகைக்குளத்தின் பழைய ஓடுதளம் வெறும் 1,350 மீட்டர், அதில் பெரிய ஜெட் இறங்க வழியில்லை. இப்போது 3,115 மீட்டராக நீட்டிவிட்டார்கள், 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்தாயிற்று. நம் ஊருக்கு நெடுநாள் தேவை அது. இருந்தாலும் உங்கள் டிக்கெட்டில் எந்த வகை விமானம் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், டிக்கெட்டில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருப்பதற்குப் பெயர் பிளாக் டைம். விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, சென்னையில் போய் நிறுத்துமிடத்தில் நிற்பது வரையான நேரம். ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, சென்னையில் இறங்க முறை வரும்வரை வானில் சுற்றுவது எல்லாம் இதற்குள் அடக்கம். இறங்கிய பின் பெட்டிக்காகக் காத்திருப்பது இதில் சேராது.

தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை உள்நாட்டு முனையத்தில் எடுத்து, பன்னாட்டு முனையத்துக்கு நடந்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது, அந்தப் பணம் போனது போனதுதான். ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. கிடைக்கவில்லையா, நடுவில் ஐந்தாறு மணி நேரமாவது விடுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் முந்தைய நாளே போய்விடுவது நல்லது.

சென்னையோடு முடியும் பயணமே ஆனாலும் வீட்டிலிருந்து கணக்குப் போடுங்கள். உள்நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் 60 நிமிடத்துக்கு முன்பே செக்-இன் கவுண்டரை மூடிவிடுவார்கள். திருநெல்வேலியிலிருந்து வருபவர்கள் சாலை நேரத்தையும் சேர்த்தால், நான்கு மணி நேரத்துக்குக் குறைந்து சென்னை நகருக்குள் போய்ச் சேருவது கடினம்.

பிளாக் டைமுக்கு இன்னொரு பயனும் உண்டு. முன்கூட்டியே சொல்லாமல் விமானத்தை ரத்து செய்தால் மாற்று விமானமோ முழுப் பணமோ தருவதோடு, இழப்பீடும் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதி. பிளாக் டைம் ஒரு மணி நேரம் வரை என்றால் 5,000 ரூபாய், அதற்கு மேல் இரண்டு மணி வரை 7,500 ரூபாய்; அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. எது குறைவோ அது. மோசமான வானிலை போன்ற காரணங்களுக்கு இது பொருந்தாது. நம் தடம் 7,500 ரூபாய் வரம்புக்குள் வருகிறது. கவுண்டரில் கேட்கும்போது இந்த விதியைச் சொல்லியே கேளுங்கள்.