மீனாட்சிக்கு நீலம் பூசுன பிரிண்டர்

ஆவணி முகூர்த்தம் வந்துட்டா டவுன்ஹால் ரோட்டுப் பக்கத்து சந்துல இருக்க எங்க கடைல மூச்சு விட நேரம் இருக்காது. அப்படி ஒரு சாயங்காலம் திருமங்கலத்துக்காரர் ஒருத்தர் மக கல்யாணப் பத்திரிகை சாம்பிளை வாங்கி ட்யூப்லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாத்துட்டு, "ஏந்தம்பி, மீனாட்சி பச்சையால்ல இருக்கணும், நீ கிருஷ்ணர் கலர்ல அடிச்சு வச்சிருக்க"ன்னாரு. பாத்தா நெசந்தான். கிளிப்பச்சை வர வேண்டிய இடத்துல நீலம் தூக்கலா நிக்குது. பிரிண்டர்ல பச்சைன்னு தனியா டோனர் கிடையாது, சயான்ங்கிற நீலமும் எல்லோங்கிற மஞ்சளும் சேந்துதான் பச்சை, அதுல சயான் ஒரு பங்கு கூடுனாலும் அம்மன் நீலமாயிருவா.

சரி, பிரிண்டர் பேனல்லயே சரி பண்ணிருவோம்னு பாத்தா அங்க இருக்கது ரெண்டு வரி டிஸ்ப்ளே, நாலு பட்டன். சயானைக் கொறைன்னு சொல்ல அதுல வழியே இல்ல. வழி இருக்கது கம்ப்யூட்டர் பக்கம், அதுவும் கூட வந்த சிடில யாரும் திறந்தே பாக்காத ஒரு ஃபோல்டர்ல, குட்டிக் குட்டி ஃபைலா. இதுகளுக்குப் பேரு யூட்டிலிட்டி ஃபைல். ஒவ்வொண்ணும் பத்து இருபது வரிதான், நோட்பேட்ல திறந்து படிக்கலாம்.

இது எப்படி வேலை செய்யுதுன்னா, போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டருக்கு நாம அனுப்புறது படம் இல்ல, புரோகிராம். அடோபி 1984-ல கொண்டு வந்த மொழி இது, அடுத்த வருசமே ஆப்பிளோட லேசர்ரைட்டர்ல ஏறிருச்சு. இந்த இடத்துல கோடு போடு, இந்த எழுத்தை இந்த சைஸ்ல வைன்னு கம்ப்யூட்டர் எழுதி அனுப்பும், பிரிண்டர் தனக்குள்ள இருக்க ப்ராசசர்ல அதை ஓட்டிப் பாத்துப் பக்கத்தை வரையும். கணக்கு மட்டும் கொஞ்சம் தலைகீழ், எண்களை முதல்ல அடுக்கிட்டு என்ன செய்யணும்ங்கிறதைக் கடைசில சொல்லணும், "3 4 கூட்டு"ன்னா 7. பக்கத்தை வரையத் தெரிஞ்ச அந்த மொழிக்கே பிரிண்டரோட செட்டிங்கை மாத்தவும் தெரியும். அதனால யூட்டிலிட்டி ஃபைலும் பத்திரிகை போற அதே வயர்ல, அதே க்யூலதான் போகும், பேப்பர் மட்டும் வெளிய வராது.

ஆனா எவன் ஃபைல் அனுப்பினாலும் பிரிண்டர் மாறிக்கிட்டே இருந்தா கடை நடத்த முடியாதுல்ல, அதுக்கு ஒரு ஏற்பாடு இருக்கு. கல்யாண மண்டபத்தை நினைச்சுக்கங்க. இன்னைக்கு ஒரு பார்ட்டி வாழைமரம் கட்டுவாங்க, சீரியல் லைட் போடுவாங்க, மறுநாள் விடியறதுக்குள்ள எல்லாத்தையும் கழட்டிட்டு அடுத்த பார்ட்டிக்கு வெறும் மண்டபமா குடுத்துருவாங்க. ஒவ்வொரு பிரிண்ட் ஜாபும் அப்படித்தான், ஆரம்பிக்கறப்ப இருந்த நிலையைப் பிரிண்டர் குறிச்சு வச்சுக்கிட்டு முடிஞ்சதும் அங்கயே திரும்பிரும். சுவத்துக்கே வேற பெயின்ட் அடிக்கணும்னா ஓனர் சாவி வேணும். அந்தச் சாவிதான் யூட்டிலிட்டி ஃபைல்ல மேலயே வர்ற "சர்வர்டிக்ட் பிகின் 0 எக்ஸிட்சர்வர்"ங்கிற வரி. நடுவுல நிக்கிற 0தான் பாஸ்வேர்டு. ஃபேக்டரில இருந்து 0ன்னுதான் வருது, பெரும்பாலான ஆபீஸ்ல இன்னைக்கும் அதே 0தான், கதவுல சாவியைத் தொங்கவிட்டுட்டுத் தூங்கப் போற கதை. சாவி சரியா இருந்தா, நிரந்தர நிலை மாறலாம்னு பிரிண்டரே திருப்பி ஒரு வரி எச்சரிக்கை அனுப்பும்.

போஸ்ட்ஸ்கிரிப்ட் இல்லாம இன்னொரு பாஷையும் உண்டு, எச்பி கொண்டு வந்த பிஜேஎல். எஸ்கேப் எழுத்து, சதவீதக் குறி, ஒரு சின்னக் கோடு, 12345, கடைசில எக்ஸ், இந்த மந்திரத்தைக் கேட்டதும் பிரிண்டர் செய்யிற வேலையை விட்டுட்டு "சொல்லுங்க"ன்னு நிக்கும். நெட்வொர்க் பிரிண்டர்னா 9100-ங்கிற போர்ட்டுக்கு, அதாவது பிரிண்டரோட அந்த நம்பர் வாசலுக்கு, நேரா அனுப்பிரலாம். அமெரிக்கால இருக்க மாப்ளை வீட்டுக்காரங்க லெட்டர் சைஸ்ல ஃபைல் அனுப்பிருவாங்க, லெட்டர் 216க்கு 279 மில்லிமீட்டர், நம்ம ஏ4 210க்கு 297, பிரிண்டர் லெட்டர் பேப்பர் குடுன்னு கேட்டுக்கிட்டு லைட்டை மினுக்கி நிக்கும், மதுரைல நான் அதுக்கு எங்க போறது. ஃபைலை ஏ4க்கு மாத்துறதுதான் முதல் வேலை. பிரிண்டரே லெட்டர்னு நினைச்சுக்கிட்டு இருந்தா பிஜேஎல்ல "டீஃபால்ட் பேப்பர் ஏ4"ன்னு ஒரு வரி போதும்.

இப்ப மீனாட்சிக்கு வர்றேன். சயானை ஒரேயடியா வெட்டக் கூடாது, முழுசா கேக்கற இடத்துல முழுசா வரணும், நடு அளவுலதான் கொறையணும். அதுக்கு ஒரு வளைவு வேணும், போஸ்ட்ஸ்கிரிப்ட்ல இதுக்கு டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன்னு பேரு. 0ன்னா மை இல்ல, 1ன்னா முழு மைன்னு வச்சுக்கிட்டு அளவை 1.2 அடுக்குக்கு ஏத்துனா 0 அப்படியே 0, 1 அப்படியே 1, நடுவுல 0.5 மட்டும் 0.435 ஆகும். அழகான கணக்கு. எழுதி, சேவ் பண்ணி, லினக்ஸ் மெஷின்ல இருந்து அனுப்புனேன். தட்டுல பேப்பர் வந்துச்சு, படம் இல்ல, நான் எழுதுன புரோகிராமையே வரி வரியா அடிச்சு வச்சிருக்கு! காரணம் என்னன்னா ஃபைலோட மொத ரெண்டு எழுத்து %! ஆ இருந்தாத்தான் இது போஸ்ட்ஸ்கிரிப்ட்னு பிரிண்டர் கண்டுபிடிக்கும், நான் பழைய விண்டோஸ் நோட்பேட்ல யூடிஎஃப்-8ங்கிற எழுத்து முறைல சேவ் பண்ணதுல அது முன்னாடி கண்ணுக்குத் தெரியாத மூணு பைட்டைச் சொருகிருச்சு, பிரிண்டரும் சாதா டெக்ஸ்ட்டுன்னு நினைச்சு அடிச்சுத் தள்ளிருச்சு.

அதைத் துடைச்சுட்டு மறுபடி அனுப்புனா மீனாட்சி முன்னைவிட நீலம். திருமங்கலத்துக்காரர் ஸ்டூல்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே பாக்குறாரு, எனக்கு வேர்க்குது. அரை மணி நேரம் மண்டையை உடைச்ச பிறகுதான் புரிஞ்சது, டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனுக்கு வர்ற எண் மையோட அளவு இல்ல, வெளிச்சத்தோட அளவு. சயான் மை தடுக்கிறது சிவப்பு வெளிச்சத்தை, அதனால சயானைத் திருத்தணும்னா சிவப்புக்கான இடத்துலதான் எழுதணும், அங்க 0ன்னா முழு மை, 1ன்னா வெள்ளை. நான் கொறைச்சது வெளிச்சத்தை, அதனால மை கூடிருச்சு, 50 சதம் கேட்ட இடத்துல 56.5 சதம். 1லருந்து கழிச்சுட்டு அடுக்குக்கு ஏத்தி மறுபடி 1லருந்து கழிச்சதும் பச்சை வந்துச்சு பாருங்க, கோயில் கிளி மாதிரி!

ரெண்டு நாள் கழிச்சு கரண்ட் போயி வந்துச்சு, மறுபடி நீலம். சாவி போட்டு மாத்துனதுலயும் ரெண்டு வகை. பேப்பர் சைஸ், நெட்வொர்க் முகவரி மாதிரி விஷயம் கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்துல ஏறும், நான் எழுதுன வளைவு சாதா மெமரில உக்காந்திருந்தது. அழியாததுல எல்லாத்தையும் கொட்டவும் முடியாது, அந்தச் சிப்புல இத்தனை தடவைதான் எழுதலாம்னு ஆயுசு உண்டு. ஜெர்மனில போஹும்ங்கிற ஊர்ப் பல்கலைக்கழகத்துக்காரங்க 2017-ல வெளியிட்ட ஆய்வுல பிஜேஎல் வழியா ஒரே செட்டிங்கைத் திரும்பத் திரும்ப மாத்திப் பாத்தாங்க, சில பிரிண்டர்ல அந்த நினைவகம் ஒரே நாளுக்குள்ள செத்துருச்சு.

ஹார்ட் டிஸ்க் இருக்க சில போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர்ல ஆன் பண்றப்பவே தானா ஓடுற ஃபைலா வச்சுரலாம். எங்களுதுல டிஸ்க் இல்ல. அதனால காலைல ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்குப் பத்தி கொளுத்துறதுக்கு முன்னாடி கடைப் பையன் அந்த ஃபைலை அனுப்பிருவான். ஃபைல் பேரு "அம்மன்"னு வச்சிருக்கான்.