ஆம்ப் இரைகிறதா? முதலில் ஆறாவது கம்பியை மீட்டிப் பாருங்கள்

கிடார் ஆம்ப்பில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் உடனே திருப்புளியைத் தூக்காதீர்கள். கேபிளை உருவுங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு கேபிளிலோ கிடாரிலோதான். நிற்காவிட்டால் வால்யூமைக் குறையுங்கள். அதற்கும் அடங்காமல் ஒரே அளவில் இரைந்தால், கோளாறு வால்யூமுக்குப் பின்னால், பெரும்பாலும் பவர் சப்ளையில்.

இனி காதால் சோதிக்கலாம். சுருதி சேர்த்த கிடாரில் ஆறாவது கம்பியின் மூன்றாம் ஃப்ரெட் 98 ஹெர்ட்ஸ். இரைச்சல் கிட்டத்தட்ட அதே சுருதியில் இருந்தால் அது 100 ஹெர்ட்ஸ், பவர் சப்ளையைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர் மேல்தான் முதல் சந்தேகம். அதைவிட ஒரு ஸ்தாயி கீழே, மந்தமாகக் கேட்டால் 50 ஹெர்ட்ஸ். அப்போது எர்த்தையும் வயரிங்கையும் பாருங்கள்.

ஏன் 100? நம் வீட்டுக் கரண்ட் நொடிக்கு 50 சுற்று. ரெக்டிஃபயர் ஒவ்வொரு சுற்றின் இரண்டு பாதியையும் ஒரே திசைக்குத் திருப்பிவிடுவதால் நொடிக்கு 100 மேடு வரும். விட்டுவிட்டு வரும் குழாய்த் தண்ணீரை மாடித் தொட்டி பிடித்துவைத்துச் சீராகத் தருவதுபோல, அந்த மேடுகளுக்கு இடையிலான பள்ளத்தை நிரப்புவது கண்டென்சர். உள்ளே இருக்கும் திரவம் காய்ந்தால் அதன் கொள்ளளவு குறையும், மேடுகள் அப்படியே ஸ்பீக்கருக்குப் போய்விடும். சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. வேலூர் கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் ஆம்ப்பை வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் மாற்றும்போது 85 டிகிரி வேண்டாம், 105 டிகிரி என்று அச்சிட்டதையே கேட்டு வாங்கச் சொல்கிறேன். மைக்ரோஃபாரட் அளவு, அதாவது கொள்ளளவு, பழையதைப்போலவே இருக்கட்டும், வோல்ட் கூடலாம், குறையக் கூடாது. பிளஸ் மைனஸ் மாறினால் வெடிக்கும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன், இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள். கிடார் கம்பி கேபிள் வழியாக ஆம்ப்பின் உடலோடு இணைந்திருக்கிறது. உள்ளே ஷார்ட் ஆனால் 230 வோல்ட் உங்கள் விரலுக்கு வரும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் சார்ஜ் நிற்கும், அதுவும் டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வைத்த வால்வ் ஆம்ப் என்றால் 400 வோல்ட்டைத் தாண்டலாம். ஒரு ரெசிஸ்டரை வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கணும். பழக்கம் இல்லாதவர்கள் வால்வ் ஆம்ப்பை மெக்கானிக்கிடமே கொடுங்கள்.

மாற்றி முடித்ததும் நேராக பிளக்கில் சொருகாமல், 100 வாட் குண்டு பல்பு போட்ட சீரிஸ் போர்டில், அதாவது கரண்ட் பல்பு வழியாகவே ஆம்ப்புக்குப் போகும் போர்டில் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் அணைத்துவிட்டு ரெக்டிஃபயர் டயோடையும் அவுட்புட் டிரான்சிஸ்டரையும் மீட்டரில் பாருங்கள், பெரும்பாலும் அதில் ஏதோ ஒன்று ஷார்ட்.